கழுத்தை எண்ணி விலை பேசலாமா?

நம் கல்கத்தா தமிழர் வீடுகளுக்கு ஹவாயன் கிட்டார் அந்நியமான வாத்தியம் அல்ல. இந்த ஊரில் ஒரு தலைமுறையாவது வாழ்ந்தவர்கள், பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாக அதில் ரவீந்திர சங்கீதம் ஒலிப்பதைக் கேட்டிருப்பார்கள். சுனில் கங்குலியின் இசைத்தட்டை எங்கேனும் ஒரு பந்தலில் கேட்டு நின்றிருப்பார்கள். நம்மவர்களே சிலர் வங்காளி ஆசிரியர்களிடம் போய், கிட்டாரை மடியில் கிடத்தி எஃகுத் துண்டை நகர்த்தப் பழகியவர்கள். அவர்களில் ஒருசிலருக்கு ஓய்வு பெற்ற பிறகு ஒரு புது ஆசை பிறந்திருப்பதைக் காண்கிறேன்.

அமெரிக்காவில் 1940களிலும் 50களிலும் செய்த, ஒரே சட்டத்தில் இரண்டு, மூன்று, நான்கு கழுத்துகளை வரிசையாக அடுக்கிய பெரிய ஸ்டீல் கிட்டார்கள்மேல் அந்த ஆசை. பிள்ளைகள் அங்கே வேலையில் இருக்கிறார்கள். படம் அனுப்பி, "வாங்கட்டுமா அப்பா?" என்று கேட்கிறார்கள். ஆசையில் தவறு இல்லை. விலை பேசும் விதத்தில்தான் எனக்கு ஆட்சேபணை. முதலில் கழுத்தை எண்ணுகிறோம். அடுத்து வயதை எண்ணுகிறோம். பிறகு தயாரித்தவர் பெயரைப் பார்க்கிறோம். வாசிக்க வருமா என்பதைக் கடைசியில் கேட்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும் என்பது என் கருத்து. வாங்குகிறவரின் பணத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. தப்பான விலையினால் நல்ல வாத்தியங்களே அழிகின்றன என்பதற்காகவும்தான்.

தெரியாத வாசகர்களுக்காகச் சிறு முன்னுரை. ஹவாய்த் தீவுகளில் லாயி என்ற ஊரில் 1874-ல் பிறந்த ஜோசப் கெகுகு என்பவரையே இந்த வாசிப்பு முறைக்குத் தந்தை என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். சிறுவயதில் கிட்டாரை மீட்டியபடி ரயில் பாதை ஓரமாக நடந்தவர், கீழே கிடந்த ஒரு போல்ட்டை எடுத்துத் தந்தியின்மேல் இழுத்துப் பார்த்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. உண்மையோ இல்லையோ, ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த எனக்கு அந்தக் கதை பிடிக்கும். எங்கள் காலத்தில் பாதையோரத்து போல்ட் காணாமல் போனால் சங்கீதம் வராது, மெமோதான் வரும்! நம் கோட்டு வாத்தியமும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். மெட்டுகள் இல்லாத தண்டின்மேல் ஒரு கட்டையை வழுக்கி ஸ்வரம் பிடிக்கிறோம்.

சரி, கழுத்து எதற்குப் பல? எஃகு உருளை நேரானது. சாதாரணக் கிட்டாரில் இடது கை விரல்கள் ஒவ்வொரு தந்தியையும் வேறு வேறு இடத்தில் அழுத்தலாம். இங்கே எல்லாத் தந்திகளையும் ஒரே குறுக்குக் கோட்டில்தான் தொட முடியும். உருளையைச் சற்றுச் சாய்க்கலாம், அதற்கும் எல்லை உண்டு. ஆகவே எந்த ஸ்வரக் கூட்டு வேண்டுமோ, அதைச் சுருதி சேர்க்கும்போதே தந்திகளில் வைத்துவிட வேண்டும். ஒரு பாட்டுக்கு ஸி ஸிக்ஸ்த் என்ற சுருதி, அடுத்ததற்கு ஈ தர்ட்டீன்த், மற்றொன்றுக்கு ஏ ஸிக்ஸ்த். நடன இசைக்குழுவின் மேடையில் பாட்டுக்குப் பாட்டு எட்டுத் தந்தியையும் மாற்றிச் சேர்க்க நேரம் ஏது? ஆகவே சுருதிக்கு ஒரு கழுத்து என்று வைத்துவிட்டார்கள். மூன்று கழுத்து என்றால் 24 தந்தி, 24 பிரடை. நான்கு என்றால் 32.

இதில் பெயர் பெற்றவை சிலவற்றைச் சொல்கிறேன். ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் சேர்ந்து 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'வாணலி' என்ற பட்டப்பெயர் கொண்ட ஒற்றைக் கழுத்து ஸ்டீல் கிட்டார்தான், வெற்றிகரமாக விற்பனையான முதல் மின்சாரக் கிட்டார் வகை. முழுதும் வார்ப்பு அலுமினியம். அலுமினியம் சூட்டில் எஃகைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆகவே மேடை விளக்கின் வெப்பத்தில் சுருதி நகர்ந்தது. அதற்கு மாற்றாக 1935-ல் பேக்லைட் உடலில் ஒன்று வந்தது. லியோ ஃபெண்டர் 1946-ல் இரட்டைக் கழுத்து 'டூயல் புரொஃபெஷனல்' கிட்டாரையும், சில ஆண்டுகளில் 'கஸ்டம் டிரிப்பிள்' என்ற மூன்று கழுத்துக் கிட்டாரையும், 1953-ல் 'ஸ்ட்ரிங்மாஸ்டர்' வரிசையையும் கொண்டுவந்தார். கிப்ஸன் நிறுவனத்தின் 'கன்ஸோல் கிராண்ட்' என்ற இரட்டைக் கழுத்துக் கிட்டாரில்தான் டான் ஹெல்ம்ஸ், ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டுகளுக்கு வாசித்தார். டெக்ஸஸ், கலிபோர்னியா பக்கத்து நடன இசைக்குழுக்களில் நோயல் பாக்ஸ் போன்றவர்கள் நான்கு கழுத்து ஃபெண்டருடன் நின்றார்கள். 1959-ல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஸ்லீப் வாக்' என்ற மெட்டை சான்டோ ஃபரினா வாசித்ததும் ஃபெண்டர் ஸ்டீல் கிட்டாரில்தான்.

இந்தப் பல கழுத்துப் பரம்பரைக்கு முடிவு கட்டியது பெடல். 1954-ல் வெப் பியர்ஸ் பாடிய 'ஸ்லோலி' என்ற பாட்டில் பட் ஐசக்ஸ், தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்து ஸ்வரத்தை நகர்த்திக் காட்டினார். கேட்டவர்கள் எல்லாருக்கும் அந்த ஒலி வேண்டியிருந்தது. காலால் மிதித்தால் கம்பி இழுக்கும், கம்பி ஒரு பெல் கிராங்கைத் திருப்பும், கிராங்க் தந்தியை முறுக்கும். பழைய சிக்னல் கேபினில் லீவரைத் தள்ளினால் தண்டவாளத்து ஓரம் ஓடும் கம்பிகளும் கிராங்குகளும் தூரத்துப் பாயின்ட்டை நகர்த்துமே, அதே அமைப்பு சிறிய அளவில். ஒரே கழுத்தில் பல சுருதி கிடைத்துவிட்டதால் மூன்று நான்கு கழுத்துக்குத் தேவை குறைந்தது. பிறகு பத்துத் தந்தி வீதம் இரண்டு கழுத்துப் பெடல் ஸ்டீல் என்பதே தொழில்முறை வழக்கமாக நிலைத்தது. பெடல் இல்லாத பெரிய வாத்தியங்கள் கட்டிலுக்கு அடியிலும் கார் ஷெட்டிலும் போய்ச் சேர்ந்தன.

இந்த வரலாற்றை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல கழுத்து என்பது ஆடம்பரத்துக்காகச் செய்ததல்ல. ஒரு மேடைத் தொழிலாளியின் அவசரத்துக்குச் செய்த சாதனம். அந்த அவசரம் இல்லாதவனுக்கு அத்தனை கழுத்தும் தேவையில்லை. ஜெர்ரி பேர்ட் என்ற மேதை, உலகமே பெடலுக்குப் போனபோதும் போகாமல், எஃகு உருளையைச் சாய்க்கும் கைத்திறமையை நம்பியே வாழ்நாள் முழுதும் வாசித்தார். 1972-ல் ஹவாய்க்கே குடிபோய், அந்த மண்ணின் பிள்ளைகளுக்கே ஸ்டீல் கிட்டார் சொல்லிக்கொடுத்தார். ஆகவே வாங்க நினைப்பவர் தன்னைத்தானே கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: நான் எத்தனை சுருதியில் வாசிப்பேன்? நேர்மையான பதில் 'ஒன்று' என்றால் ஒரு கழுத்து போதும். 'ஒன்று நன்றாக, இன்னொன்று கற்றுக்கொள்ள ஆசை' என்றால் இரண்டு போதும். நம்மில் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றுதான்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். மூன்று கழுத்து வாத்தியம், ஒரு கழுத்தைப்போல் மூன்று மடங்கு விலை பெறும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் அப்படிப் பெறுவதில்லை, பெறவும் கூடாது. காரணம் எளிது. தந்திச் செலவு மூன்று மடங்கு. எடை அதிகம், ஆகவே அனுப்பும் செலவும் அதிகம். வைக்க இடம் வேண்டும். லேக் மார்க்கெட் பக்கத்து இரண்டு அறை வீட்டில் அதை எங்கே நிறுத்துவது? சாப்பாட்டு மேஜையைத்தான் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அத்துடன் வாங்கக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையும் குறைவு. ஆகவே கழுத்து கூடக் கூட, கூடுதல் கழுத்து ஒவ்வொன்றின் மதிப்பும் குறைந்துகொண்டே போகும்.

நம் சங்கத்து நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொன்னால் விளங்கும். அவருக்கு வயது எழுபத்து நான்கு. 1969-ல் பவானிப்பூரில் ஒரு வங்காளி ஆசிரியரிடம் ஹவாயன் கிட்டார் படித்தவர். இன்றும் தினம் ஒரு மணி நேரம் வாசிக்கிறார். ஹூஸ்டனில் இருக்கும் அவர் மகன், அப்பாவுக்கு மூன்று கழுத்து வாத்தியம் ஒன்றைப் பரிசாகத் தர நினைத்தான். ஒரு வியாபாரி, 'முற்றிலும் அசல், ஒரு கழுத்து விலைக்கு இரண்டரை மடங்குதான்' என்று சொல்லியிருக்கிறார். பையனுடைய சேமிப்பில் அது சின்னத் தொகை அல்ல. வீட்டுக் கடன் கட்டுகிறவன், இரண்டு குழந்தைகள் படிக்கின்றன. "அங்கிள், நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வாங்கிவிடுகிறேன்" என்று என்னிடம் தொலைபேசியில் கேட்டான்.

"வார்த்தை சொல்ல மாட்டேன் தம்பி. மீட்டர் சொல்லட்டும்" என்றேன். அவன் ஒரு மல்டிமீட்டருடன் நேரில் போய்ப் பார்த்தான். ஆறு பிக்கப் காயில்களில் இரண்டு அறுந்திருந்தன. இரண்டும் ஒரே கழுத்தைச் சேர்ந்தவை. வால்யூம் கன்ட்ரோல் ஒன்று பிற்காலத்தியது. கால்களில் இரண்டு வேறு வாத்தியத்துடையவை. அதாவது அது மூன்று கழுத்து வாத்தியமே அல்ல. பேசும் கழுத்து இரண்டு, ஊமைக் கழுத்து ஒன்று. நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, "எனக்கு ஒரு சுருதி போதும் சார். இன்னொன்று ஆசைக்கு. மூன்றாவது யாருக்கு?" என்றார். வியாபாரி விலையைக் குறைக்கவில்லை. பையன் திரும்பிவிட்டான். பிறகு பெயின்ட் உரிந்த, ஆனால் நான்கு காயிலும் உயிரோடு இருந்த ஓர் இரட்டைக் கழுத்து வாத்தியத்தை நியாயமான விலைக்கு வாங்கினான். அப்பா இப்போது அதில்தான் வாசிக்கிறார்.

அந்த மூன்று கழுத்து வாத்தியம் என்ன ஆயிற்று என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்குமுன், பார்த்து வாங்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்கும் மாட்டைத் தாராளமாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு நல்ல செய்தி. ஸ்டீல் கிட்டார் எளிதில் தேயாத வாத்தியம். சாதாரணக் கிட்டாரில் விரல் அழுத்தி அழுத்தி மெட்டு தேயும், தந்தியின் இழுப்பில் கழுத்து வளையும். இங்கே உருளை தந்தியைத்தான் தொடும், பலகையைத் தொடாது. மெட்டு என்பது வெறும் கோடுதான். கழுத்தும் கனமான மரக்கட்டை. ஆகவே எழுபது வயதாகிவிட்டது என்பதற்காகப் பயப்படவும் வேண்டாம், எழுபது வயது என்பதற்காகவே அதிகம் கொடுக்கவும் வேண்டாம்.

உயிர்நாடி பிக்கப்பில் இருக்கிறது. காந்தத்தைச் சுற்றித் தலைமுடி அளவே பருமனுள்ள செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். ஈரத்தாலும் துருவாலும் எங்கோ ஓரிடத்தில் அறுந்தால் போதும், காயில் முழுவதும் ஊமை. எங்கள் சிக்னல் ரிலேக்களை எப்படிச் சோதிப்போமோ அப்படித்தான் இதையும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு காயிலையும் தனியாகப் பிரித்து ஓம் மீட்டரில் பார்க்க வேண்டும். கிலோ ஓம் கணக்கில் ஓர் அளவு காட்டினால் உயிர் இருக்கிறது. முடிவிலி காட்டினால் அறுந்திருக்கிறது. ஒரே கழுத்தின் இரண்டு காயில்களும் வெகுவாக வேறுபட்டால் ஒன்று பின்னால் சுற்றப்பட்டிருக்கலாம். ஸ்ட்ரிங்மாஸ்டர் வகையில் கழுத்துக்கு இரண்டு பிக்கப் உண்டு. இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி அமைத்து, இரண்டின் கலவையைக் கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலும் வைத்திருக்கிறார்கள். ஒன்று போனாலும் சத்தம் வரும். ஆகவே காதால் கேட்டு மட்டும் தீர்மானிக்கக் கூடாது. காதுக்கு முன்னால் மீட்டர் போகட்டும்.

அடுத்தது வயது. தண்டவாளத்தின் பக்கவாட்டில் உருட்டாலையின் பெயரும் வருடமும் புடைப்பாக இருக்கும் என்பது ரயில்வேக்காரர்களுக்குத் தெரியும். இந்த வாத்தியங்களிலும் அப்படி ஒரு சாட்சி உண்டு. வால்யூம் கன்ட்ரோலின் உலோக முதுகில் எண்கள் குத்தியிருக்கும். முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளரைக் குறிக்கும். உதாரணமாக 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் ஸி.டி.எஸ். அதற்குப் பின் வருடமும் வாரமும். 304512 என்றால் ஸ்டாக்போல், ஐந்தில் முடியும் வருடம், 12-ஆவது வாரம். பிற்காலத்தில் வருடத்துக்கு இரண்டு இலக்கம் வந்தது. இது கன்ட்ரோலின் வயதே தவிர வாத்தியத்தின் வயது அல்ல. ஆனால் தொழிற்சாலையில் போட்ட கன்ட்ரோலாக இருந்தால் வாத்தியம் அதைவிட மூத்ததாக இருக்க முடியாது. '1953 மாடல்' என்று சொல்லி உள்ளே எல்லாம் 1957-ஐக் காட்டினால், ஒன்று வயது பொய், அல்லது 'முற்றிலும் அசல்' என்பது பொய். இரண்டில் எது என்று விற்பவரே சொல்லட்டும்.

மூன்றாவது நீளம். ஸ்ட்ரிங்மாஸ்டர் முதலில் 26 அங்குலத் தந்தி நீளத்தில் வந்தது. பிறகு 24½, 22½ அங்குலங்களிலும் வந்தது. அதே தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால், 22½ அங்குலத்தைவிட 26 அங்குலத்தில் இழுவிசை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம். நாதம் நீண்டு நிற்பது நீளத்தின் குணம். உருளையைச் சாய்த்து வாசிக்க எளிது என்பது குட்டையின் குணம். அறுபது வயதுக்குமேல் கற்றுக்கொள்பவருக்கு நான் குட்டையைத்தான் சொல்வேன். நீளமானதற்குக் கேட்கும் அதிக விலையை, நமக்குப் பயன்படாத ஒன்றுக்காக ஏன் கொடுக்க வேண்டும்?

நான்காவது, சில்லறை என்று தோன்றும் சாமான்கள். கால்கள், அவை திருகும் குழியின் மரை, பிக்கப் மூடி, பிரடைகள், பெட்டி. ஒரு கால் காணோம் என்றால் இங்கே ஹவுராப் பட்டறையில் கடைந்து வாங்கிவிடலாம். ஆனால் மரை கெட்டிருந்தால் முழு பாரமும் ஆடும். எல்லாப் பிரடைகளையும் ஒவ்வொன்றாகத் திருகிப் பாருங்கள். இருபத்து நான்கில் மூன்று வழுக்கினாலும் அந்த மூன்றுதான் கச்சேரி அன்று காலை வாரும்.

கிட்டாரில் மின்சாரம் ஏற்றுவதற்கு ஒன்றும் இல்லை. காந்தமும் காயிலும்தான். அதனால் வோல்டேஜ் பற்றிய கவலை வேண்டாம். ஆனால் கூடவே பழைய வால்வு ஆம்பிளிஃபையர் வந்தால் எச்சரிக்கை. அது அமெரிக்காவின் 60 சைக்கிள், 117 வோல்ட் அளவுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு சரி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், நம் 50 சைக்கிளில் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும். பழைய கெப்பாசிட்டர்களை மாற்றாமல் ஏற்றவே கூடாது. என்னைக் கேட்டால் ஆம்பிளிஃபையரை அங்கேயே விட்டுவிட்டு இங்கே புதிதாக வாங்குவது புத்திசாலித்தனம். சுங்க வரியையும் அனுப்பும் செலவையும் விலை பேசுவதற்கு முன்பே கேட்டு, மொத்தத்தில் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இனி என் மதிப்பீட்டு முறை. இது சந்தைக் கணக்கல்ல, என் சொந்தக் கணக்கு. எல்லாம் அசலாகவும் ஓடும் நிலையிலும் இருக்கும் வாத்தியத்தின் விலையை நூறு என்று வையுங்கள். அதில் அறுபதை, பேசும் கழுத்துகளுக்குப் பங்கிடுங்கள். ஊமைக் கழுத்தின் பங்கை முழுதாகக் கழித்துவிடுங்கள். இருபது, பிரடை, கால், பாலம் ஆகிய இயந்திர பாகங்களுக்கு. பத்து, பெட்டிக்கும் மூடிகளுக்கும். மிச்சம் பத்துதான் பெயின்டுக்கும் பளபளப்புக்கும் பழமைக்கும். சேகரிப்பவர்களின் கணக்கு இதற்கு நேர் எதிராக இருக்கும். அவர்கள் அசல் பெயின்டுக்கும் ஒட்டிய ஸ்டிக்கருக்கும் பாதியைக் கொடுப்பார்கள். கொடுக்கட்டும், அவர்கள் பணம். நாம் வாசிக்க வாங்குகிறோம் என்றால் நம் கணக்கு வேறாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அவர்களோடு நான் ஒத்துப்போகிறேன். பழைய பெயின்டைச் சுரண்டிப் புதிதாக அடிக்காதீர்கள். நாதம் அதனால் கூடப் போவதில்லை, போன சரித்திரம் திரும்பப் போவதுமில்லை.

இப்போது அந்த மூன்று கழுத்து வாத்தியத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் கழித்துப் பையன் தொலைபேசியில் சொன்னான்: "அங்கிள், அதைப் பிரித்து விற்றுவிட்டார்களாம்." நல்ல பிக்கப் நான்கும் ஒருவருக்கு, பிரடைகள் வேறொருவருக்கு, மூடிகள் மற்றொருவருக்கு. மரம் எங்கே போயிற்றோ. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு கழுத்து நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வாத்தியம் அது. இரண்டு கழுத்து விலையை உள்ளபடி சொல்லியிருந்தால், யாரோ ஒருவர் வாங்கி வாசித்திருப்பார். ஊமைக் கழுத்தின் காயில்களைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுற்றியும் இருப்பார். மூன்று கழுத்து விலை சொன்னதால் வாங்க ஆள் வரவில்லை. ஆள் வராததால் கத்தி எடுத்தார்கள்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று நம்மவர்கள் சொல்வார்கள். பழைய வாத்திய வியாபாரத்தில் இது அப்படியே நடக்கிறது. பாகங்களின் மொத்த விலை முழு வாத்தியத்தின் விலையைத் தொட்டுவிட்டால், வியாபாரிக்கு யானை உயிரோடு இருந்தால் என்ன, செத்தால் என்ன? உயிரோடு இருந்தால் தீனி போட வேண்டும், இறந்தால் தந்தம் உடனே காசு.

இதற்கு மறுப்பு உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ரை கூடர் தம் கிட்டாரில், வால்கோ நிறுவனம் செய்த பழைய மடி ஸ்டீல் ஒன்றின் பிக்கப்பைப் பொருத்தி வாசித்தார். அந்த ஒலி பலரை மயக்கியது. அதன்பின் அந்தப் பழைய பிக்கப்புகளுக்குத் தேவை பெருகியது. இதே ரை கூடர்தான் நம் ஜெய்ப்பூர் விஸ்வமோகன் பட்டுடன் வாசித்த இசைத்தட்டுக்கு 1994-ல் கிராமி விருது பெற்றவர். அந்தப் பிக்கப் ஒரு பெட்டியில் தூங்காமல் பாட்டில் உயிர் வாழ்ந்ததே, அது நல்லதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ரயில்வேயிலும் கழித்துப்போட்ட வண்டியிலிருந்து நல்ல சாமானை எடுத்து ஓடும் வண்டிக்குப் போடுவதுண்டு. அதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் ஓடுகிற வண்டியை நிறுத்தி யாரும் சாமான் கழற்றமாட்டார்கள். என் கோடு அங்கேதான் விழுகிறது. உடைந்தது, எரிந்தது, மரம் உளுத்தது என்றால் பாகங்களைக் கொடுங்கள், நான்கு வாத்தியம் பிழைக்கும். ஒரு கழுத்தாவது பேசுகிறது என்றால் கை வைக்காதீர்கள். இறந்த யானையின் தந்தம் வேறு, தந்தத்துக்காகக் கொல்வது வேறு.

வாங்குகிறவர்களான நமக்கும் இதில் பங்கு உண்டு. பிரித்த பாகத்தை விலை குறைவு என்று வாங்குவதற்குமுன், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஊமைக் கழுத்து இருக்கும் வாத்தியத்தை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். சரியான விலைக்குக் கேளுங்கள். சுவரில் மாட்டுவதற்காக வாங்காதீர்கள். நான்கு கழுத்து வாத்தியத்தை நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் ஏற்கெனவே குறைவு. அவர்களில் ஒருவருக்குப் போக வேண்டியதை நம் வரவேற்பறை அழகுக்காகத் தடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அமெரிக்காவைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1940களில் டாவ் மோ குடும்பத்தினர் ஹவாயிலிருந்து வந்து கல்கத்தாவில் தங்கி வாசித்த காலத்திலிருந்து இந்த ஊருக்கு இந்த வாத்தியத்தோடு உறவு உண்டு. கார்னி நிஸ், சுனில் கங்குலி, படுக் நந்தி என்று அதை வளர்த்தவர்கள் இங்கே இருந்தார்கள். இன்று தேபாஷிஷ் பட்டாச்சார்யா உலகமெங்கும் அதைக் கொண்டுபோகிறார். நம் குடும்பங்களின் பரண்களிலும் ஒற்றைக் கழுத்து ஹவாயன் கிட்டார்கள் பழைய புடவை சுற்றிக் கிடக்கின்றன. வீடு காலி செய்து சென்னைக்குத் திரும்பும்போது, பழைய பேப்பர்க்காரர் தராசில் அவற்றையும் ஏற்றிவிடுகிறோம். மூன்று கழுத்துக்கு டாலரில் விலை விசாரிக்கும் நாம், பரணில் இருக்கும் ஒரு கழுத்தை இறக்கித் தூசி தட்டிப் பார்த்தோமா? அதற்கும் அதே சோதனைதான். தந்தி மாற்றி, காயில் இருந்தால் மீட்டர் வைத்து, பிரடையைத் திருகிப் பாருங்கள். பேசினால் தெருவில் கற்றுக்கொள்ளும் பிள்ளை ஒன்றுக்குக் கொடுங்கள்.

வாத்தியத்துக்கு வயது போட்டு விலை சொல்பவர் சொல்லட்டும். நாம் நாதம் கேட்டு விலை சொல்வோம். கழுத்து எத்தனை என்ற கேள்வி அதற்கு அப்புறம் வரட்டும்.